குழந்தையை கையில வாங்கினப்ப எதுவுமே தோணலை, எனக்கு பாசம் இல்லையா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயசு 29, திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை. 11 நாள் முன்னாடி திண்டுக்கல்ல பொண்ணு பொறந்தா, சுகப்பிரசவம், 2.9 கிலோ. கையில குடுத்ததும் அழுதுடுவேன்னு நினைச்சேன், பயம் மட்டும்தான் வந்துச்சு. தலை நீளமா இருந்துச்சு, மூணாவது நாள் உடம்பு மஞ்சளாச்சு, நாலாவது நாள் எடை 2.7, அஞ்சாவது நாள் டயப்பர்ல ரத்தம். மனைவி சும்மா சும்மா அழறா. பால் பத்தலைன்னு டின் பால் வாங்க சொல்றாங்க. மனைவி அவ அம்மா வீட்ல இருக்கறதால ஞாயித்துக்கிழமை மட்டும்தான் போறேன், தூக்கவே பயமா இருக்கு. எனக்கு ஏதாச்சும் பிரச்சனையா?

பதில்: தம்பி, முதல்ல உங்க பாப்பா விஷயத்தை முடிச்சுடுவோம், அதுல உங்க பயம் பாதி குறைஞ்சிரும். பிரசவ வழில வெளிய வர்றப்ப மண்டை எலும்பு கொஞ்சம் நகர்ந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், அதான் நீளம், சில நாள்ல தானா உருண்டையாயிடும், யாரும் எண்ணெய் போட்டு அமுக்கி சரி பண்ண வேண்டாம். டயப்பர்ல ரத்தம் பார்த்து அலறி அடிச்சு வர்ற அப்பாக்கள் நிறைய பேர், அம்மாவோட ஹார்மோன் பாப்பா உடம்புல இருந்து வடியறதால பொண் குழந்தைக்கு முதல் வாரத்துல அப்படி ரெண்டொரு சொட்டு வரலாம், மார் லேசா வீங்கியும் இருக்கலாம், ஆண் குழந்தைக்கும் வீங்கும், பாட்டிங்க அதை பிதுக்க வந்தா மட்டும் தடுத்துடுங்க, சீழ் வச்சிடும். ரத்தம் நிறைய வந்தாலோ நிக்காம வந்தாலோ காட்டணும்.

2.9ல 200 கிராம் குறைஞ்சா கிட்டத்தட்ட 7 சதவீதம். முதல் சில நாள்ல எல்லா பாப்பாவுக்கும் கொஞ்சம் குறையும், 10 சதவீதம் வரை போனா டாக்டர் உஷாராவாங்க, ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த எடை திரும்ப வந்துரணும். அதனால இந்த வாரமே ஒரு தடவை எடை பாருங்க. டின் பால் இப்ப வேண்டாம். பால் பத்துதா இல்லையான்னு கண்டுபிடிக்க மாமியார் சொல்றதையோ பாப்பா அழறதையோ பார்க்காதீங்க, ஈர டயப்பரை எண்ணுங்க, ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு குறையாம சிறுநீர் போய், மலம் மஞ்சளா மாறியிருந்தா பால் போகுதுன்னு அர்த்தம். நாளைக்கு 8லருந்து 12 தடவை குடிக்கும், ராத்திரி பகல்னு ஒண்ணும் தெரியாது அதுக்கு.

மஞ்சள் இன்னும் இருக்கான்னு எழுதல. மூணாவது நாள் வர்றது நிறைய குழந்தைக்கு வர்றதுதான், ரெண்டு வாரத்துல வடிஞ்சிரும். ஆனா உள்ளங்கை பாதம் வரைக்கும் மஞ்சளா இருந்தா, எழுப்பினாலும் எழாம பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தா, மலம் வெள்ளையா போனா, இல்ல ரெண்டு வாரம் தாண்டியும் நின்னா உடனே போகணும், காலை வெயில்ல காட்டினா சரியாயிடும்னு உக்காந்திருக்கக்கூடாது, அது ஆஸ்பத்திரில மஞ்சளுக்கு லைட் வைக்கிற சிகிச்சைக்கு ஈடாகாது. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலும் அதே மாதிரி, இந்த வயசுல வீட்ல மருந்து குடுத்து பார்க்கிற வேலையே வேண்டாம். சேனை வைக்கறேன்னு தேன், தொப்புள்ல வசம்பு, இதெல்லாம் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லிடுங்க, திட்டு எனக்கு விழட்டும்.

இப்ப உங்களுக்கு வருவோம். பார்த்ததும் பாசம் பொங்கும்னு யார் சொன்னாங்கன்னு தெரியல, என்கிட்ட வர்ற அப்பாக்கள்ல பல பேருக்கு முதல்ல வர்றது பயமும் ஒரு மாதிரி வெறுமையும்தான், வெளிய சொல்ல மாட்டாங்க அவ்ளோதான். அம்மாக்கள்லயும் இருக்காங்க. அது வியாதி இல்ல. நம்ம ஊர் பழக்கமும் அப்படி, பிரசவத்துல ஆம்பளைக்கு குடுக்கற வேலையே பில் கட்டறது, பிளாஸ்க்ல வெந்நீர் வாங்கிட்டு வர்றது, அப்புறம் மூணு மாசம் விருந்தாளி மாதிரி வந்து எட்டிப்பாக்கறது, இப்படி வச்சுட்டு பாசம் வரலையேன்னா எப்படி வரும்? பிலிப்பைன்ஸ்ல செபுங்கற ஊர்ல 600க்கு மேல ஆம்பளைங்களை வருஷக்கணக்கா கவனிச்சு 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு, அப்பா ஆனதும் டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் நல்லா குறையுது, அதுலயும் தினமும் மூணு மணி நேரத்துக்கு மேல குழந்தை வேலை பார்க்கிறவங்களுக்கு இன்னும் குறைவா இருந்துச்சு. (பயப்படாதீங்க, ஆண்மைக்கு ஒண்ணும் ஆகாது.) நான் சொல்ல வர்றது, குழந்தையை தூக்கி கழுவி தட்டிக்குடுக்கிற வேலையோட சேர்ந்துதான் ஆம்பளை உடம்பும் மாறுது, எட்ட நின்னு பார்த்துட்டு இருந்தா பாசத்துக்கு ரொம்ப நாள் காத்திருக்கணும்.

அதனால இந்த வாரம் சனிக்கிழமையே கிளம்பி ராத்திரி அங்கயே தங்குங்க, மாப்பிள்ளை வெட்கமெல்லாம் ஓரமா வச்சிடுங்க. கையை சோப்பு போட்டு கழுவிட்டு, சட்டையை கழட்டி, டயப்பர் மட்டும் போட்ட பாப்பாவை நெஞ்சு மேல படுக்க வச்சு மேல துணி போர்த்திக்கோங்க, தலையும் கழுத்தும் தாங்கற மாதிரி ஒரு கை இருந்தா போதும், நீங்க நினைக்கிற அளவுக்கு உடைஞ்சு போற பொருள் இல்ல அது. நீங்க முழிச்சிருக்கும்போது மட்டும், தூக்கம் வந்தா குடுத்துடுங்க. இந்த வயசுல ஒரு சாண் தூரம்தான் அதுக்கு தெளிவா தெரியும், முகத்தை கிட்ட கொண்டு போய் பேசுங்க. பால் குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் எடுக்கறது, டயப்பர் மாத்தறது, ரெண்டும் உங்க வேலை. மத்த நாள்ல வீடியோ கால்ல பாப்பாவை மட்டும் காட்ட சொல்லாம மனைவிகிட்ட தூங்கினியா சாப்பிட்டியான்னு கேளுங்க.

அவங்க அழறது பெரும்பாலும் பிரசவத்துக்கு அப்புறம் ஹார்மோன் திடீர்னு இறங்கறதாலயும் தூக்கம் இல்லாததாலயும் வர்றது, பாதிக்கு மேல அம்மாக்களுக்கு வரும், ரெண்டு வாரத்துல அடங்கிடும். அழாதன்னு அட்வைஸ் பண்ணாதீங்க, பக்கத்துல இருங்க. ரெண்டு வாரம் தாண்டியும் போகலைன்னா, பாப்பா தூங்கினாலும் அவங்களுக்கு தூக்கம் வரலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, செத்துடலாம்னோ பாப்பாவை ஏதாச்சும் பண்ணிடுவேன்னோ சொன்னா இல்ல சம்பந்தமில்லாம பேசினா அன்னைக்கே ஆஸ்பத்திரி, தனியா விடக்கூடாது. உதிரம் ஆறு வாரம் வரை போகலாம், ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனைஞ்சா எமர்ஜென்சி. தாம்பத்தியம் ஆறு வாரம் செக்கப் முடிஞ்சு, அவங்களுக்கும் மனசு இருந்தா.

இந்த சோர்வு அப்பாக்களுக்கும் வரும், பத்துல ஒருத்தருக்கு டிப்ரஷன் அளவுக்கே போகும், எரிச்சலாவும் வேலையே கதின்னு ஓடறதாவும்தான் தெரியும். உங்களுக்கு அப்படி ரெண்டு வாரம் நீடிச்சா 14416க்கு போன் பண்ணுங்க, அரசு நடத்துற டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண், இலவசம், தமிழ்ல பேசுவாங்க. எடை பார்த்துட்டு எவ்ளோன்னு எனக்கு எழுதுங்க, மஞ்சள் இருக்கா இல்லையான்னும் சேர்த்து.