அரிக்கா பனை ஓலையின் அடியில் பழுப்புப் புடைப்புகள்: என்ன பூச்சி, என்ன செய்யலாம்?

ஓலையின் அடியில் நடுநரம்பை ஒட்டிப் பழுப்புப் புடைப்புகள், பிசுபிசுப்பு, கறுப்புப் படலம், எறும்பு நடமாட்டம் என்கிறீர்கள். அநேகமாக இது செதில் பூச்சிதான், அதாவது ஓடு போர்த்தி ஓலையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. ஒரு புடைப்பை நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஓடு பெயர்ந்து, நசுக்கினால் ஈரம் ஒட்டினால் பூச்சி. பெயராமல் ஓலையோடு ஒன்றியிருந்தால் இலைப்புள்ளி நோயாக இருக்கலாம். அந்த நோய்க்கு, கீழே சொல்லும் முறை உதவாது.

முதலில் ஈரத்துணியால் அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். பாதி வேலை இதிலேயே முடியும். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 2 மி.லி. திரவ சோப்பு. சோப்பை முதலில் எண்ணெயில் குழைத்துவிட்டுத் தண்ணீர் சேருங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதந்து ஓலையைக் கருக்கிவிடும். வெயில் தாழ்ந்தபின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள், குருத்துக்குள் தேங்க விடாதீர்கள்.

ஒரே தடவையோடு நிறுத்துவதால்தான் பலருக்குப் பூச்சி திரும்பி வருகிறது. ஓட்டுக்கடியில் இருக்கும் முட்டைகள் தப்பிவிடும். 7–10 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடியுங்கள். எறும்பையும் தடுக்க வேண்டும். செதில் பூச்சியின் எதிரிகளை அதுதான் விரட்டுகிறது.

மரத்தின் கீழ்வரிசை முதிர்ந்த ஓலைகளில் ஆரஞ்சுப் புள்ளி இருந்தால் அது பூச்சியல்ல, அநேகமாகப் பொட்டாசியம் குறைவு. அந்த ஓலைகளை வெட்டாதீர்கள், மரம் அவற்றிலிருந்துதான் சத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது.