மீன்களைப் பற்றிக் கேளுங்கள், நிறத்தைத் தவிர

இன்று மாலை முழுக்க இங்கேதான் இருப்பேன். மீன் வகைப்பாடு, உடற்கூறு என்று எது வேண்டுமானாலும் கேளுங்கள். தொட்டி மீனுக்கு வைத்தியம் எனக்குத் தெரியாது. நிறத்தை மட்டும் சொல்லி ‘இது என்ன மீன்’ என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது.

முதலாண்டு மாணவி: ஒரு மீனை அடையாளம் காண எங்கே தொடங்குவது சார்?

மீனின் தலை இடப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். முகநுனியிலிருந்து வாலெலும்பு முடியும் இடம் வரை அளக்க வேண்டும். வாலை லேசாக மடக்கினால் ஒரு மடிப்பு விழும், அதுதான் எல்லை. வால் துடுப்பைச் சேர்க்காதீர்கள், அது பாதி மீன்களில் கிழிந்திருக்கும்.

அப்புறம் துடுப்பு. அதைத் தாங்குபவற்றில் முள் வேறு, கதிர் வேறு. முள் ஒரே துண்டு, கணு இருக்காது. கதிர் குறுக்கே கணுக்கணுவாக இருக்கும், பெரும்பாலும் நுனியில் கிளைக்கும். முள்ளை ரோமன் எண்ணிலும் கதிரைச் சாதாரண எண்ணிலும் எழுதுவது வழக்கம். முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் கடைசி இரண்டு கதிர்கள் ஒரே அடியிலிருந்து கிளம்பினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். பிறகு ஊசி நுனியால் தொட்டுத் தொட்டுப் பக்கக்கோட்டுச் செதில்களை, அதாவது உடலின் பக்கவாட்டில் வாலை நோக்கி ஓடும் கோட்டில் உள்ள செதில்களை, எண்ணுங்கள்.

புதியவர்: வெள்ளி நிறம், வாலடியில் கரும்புள்ளி. என்ன மீன்?

முதல் பத்தியைப் படித்தீர்களா? வாலடியில் கரும்புள்ளி உள்ள இனங்கள் ஏராளம். கதிரை எண்ணிவிட்டு வாருங்கள்.

தூண்டில்காரர்: கெண்டைக்குப் பல்லே இல்லையே, எப்படி மெல்லும்?

பல் தொண்டையில் இருக்கிறது. ஐந்தாம் செவுள் வளைவில் முளைத்த பற்கள், மண்டையோட்டின் அடியில் உள்ள கெட்டியான திட்டோடு இரையை வைத்து நசுக்கும். அந்தப் பற்கள் எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை என்பதை வைத்தே இனங்களைப் பிரிப்பதும் உண்டு. கடல் விலாங்கான மோரே இன்னும் ஒரு படி மேல். அதன் தொண்டைத் தாடை முன்னே பாய்ந்து வந்து இரையைக் கவ்வி உள்ளே இழுக்கும். இது 2007இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

கயல்: கடல்குதிரை மீனா?

மீன்தான். செவுள், நீந்துபை, முதுகுத் துடுப்பு எல்லாம் உண்டு. செதிலுக்குப் பதில் எலும்பு வளையங்கள். வால் துடுப்பும் இடுப்புத் துடுப்பும்தான் இல்லை.

வேறொருவர்: திமிங்கிலம்?

இல்லை, பாலூட்டி. அதன் வால் மேலும் கீழும் அசையும், மீனுக்கு இடமும் வலமும்.

இன்னொருவர்: டால்பின்?

மேலே பார்க்கவும். நட்சத்திர மீனுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதுவும் இல்லை.

வாதி: ‘மீன் என்று ஒரு வகையே இல்லை’ என்கிறார்களே?

பரம்பரையை வைத்துப் பார்த்தால் உண்மைதான். நுரையீரல் மீனுக்குக் கெண்டையைவிடப் பசுதான் நெருங்கிய உறவு. ஒரே மூதாதையின் வாரிசுகள் எல்லாம் ஒரே வகைக்குள் வர வேண்டும் என்றால் நாமும் உள்ளே வந்துவிடுவோம்.

வாதி: அப்படியானால் திமிங்கிலமும் உள்ளேதானே? இப்போதுதான் இல்லை என்றீர்கள்.

சரி, மாட்டிக்கொண்டேன். ‘மீன்’ என்பது வாழும் விதத்துக்கு வைத்த பெயர், பரம்பரைக்கு வைத்த பெயரல்ல. எல்லையை நாம்தான் போடுகிறோம், போட்ட எல்லை நகரவும் செய்யும். மீனியலின் தந்தை எனப்படும் ஆர்டெடி திமிங்கிலத்தை மீன்களோடுதான் வைத்திருந்தார். 1735இல் அவர் ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் விழுந்து இறந்தபின், 1738இல் அவருடைய நூலைப் பதிப்பித்தவர், உயிரின வகைப்பாட்டை வகுத்த நண்பர் லின்னேயஸ். அதே லின்னேயஸ் 1758இல் திமிங்கிலங்களைப் பாலூட்டிகளோடு சேர்த்துவிட்டார்.

கயல்: பிறகு எதற்கு இந்த அமர்வுக்கு ‘மீன்’ என்று பெயர்?

‘நாற்காலி முதுகெலும்பிகளைத் தவிர்த்த முதுகெலும்பிகள்’ என்று போட்டால் யார் வருவார்கள்?

வாதி: நாற்காலியா?

நான்கு கால் உள்ளவை. விடுங்கள், நகர்வோம்.

முதலாண்டு மாணவி: நிறம் வேண்டாம். உருவத்தையாவது நம்பலாமா?

எண்ணாமல் நம்பாதீர்கள். எண்ணினாலும் கொஞ்சம் சந்தேகம் இருக்கட்டும். ஆழ்கடலில் மூன்று குடும்பங்களைத் தனித்தனியாக வைத்திருந்தார்கள். ஒன்று நீண்ட வால் இழை கொண்டது, ஒன்று பெரிய மூக்குடையது, ஒன்று அகன்ற வாயுடைய ‘திமிங்கில மீன்’ (பெயரில் மட்டும்தான் திமிங்கிலம்). மூன்றும் ஒன்றே என்று 2009இல் தெரிந்தது. இழை வால் குஞ்சு, பெருமூக்கு ஆண், அகன்ற வாய் பெண். முதிர்ந்த ஆண் சாப்பிடுவதே இல்லை, பெருத்த ஈரலை வைத்துத்தான் காலம் தள்ளுகிறது.

ஆய்வு மாணவர்: மாதிரியை எப்படிப் பாதுகாப்பது?

முதலில் படம் எடுங்கள். அடுத்து வலப்பக்கத்தில் சிறு தசைத்துண்டை வெட்டி எத்தனாலில் போடுங்கள். அதன் பிறகுதான் 10% ஃபார்மலின், கடைசியாக 70% எத்தனாலுக்கு மாற்றம். இந்த வரிசை மாறக்கூடாது. ஒருமுறை அவசரத்தில் ஒரு பை மீனை அப்படியே ஃபார்மலினில் கொட்டிவிட்டேன். டிஎன்ஏ கெட்டது, நிறமும் போயிற்று. ஜாடி இன்னும் என் மேசையில்தான் நிற்கிறது.

இன்னொருவர்: மஞ்சள் நிறம், கறுப்புக் கோடு...

துடுப்பு.

புதியவர்: எண்ணிவிட்டேன் சார்! முதுகில் கதிர் 10. கடைசி இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன.

அப்படியானால் 9. இப்போது பக்கக்கோட்டுச் செதில். காத்திருக்கிறேன்.