சமையலறையில் உலக நாடுகள்: ஒரு மழலையர் ஆசிரியையிடம் கேட்டவை

சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கைவேலையும் சமையலுமாக உலக நாடுகளைச் சொல்லித்தருவது பற்றி, டெல்டா பக்கத்துப் பெற்றோர் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் பல ஆண்டுகள் மழலையர் வகுப்பு எடுத்தவர்.

கும்பகோணம்: மகளுக்கு நாலு வயது. சுவரில் உலக வரைபடம் ஒட்டியிருக்கிறேன். கொடி அட்டைகளைக் காட்டினால் நாட்டின் பெயரைக் கடகடவென்று சொல்கிறாள். அடுத்து என்ன செய்யலாம், டீச்சர்?

அட்டைகளைக் கொஞ்ச நாள் பெட்டிக்குள் வையுங்கள் அம்மா. ஜப்பான் என்றால் இப்போது அவளுக்கு வெள்ளைத் தாளில் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். வரைபடமும் நாலு வயதில் பிடிபடாது. முதலில் வாசலில் கோலமாவால் உங்கள் தெருவைப் போடுங்கள். நம்ம வீடு, பிள்ளையார் கோயில், பால் வாங்கும் கடை, கடைசியில் அரசலாறு. அதில் ஒரு பொம்மையை நடத்திக் கூட்டிப்போகட்டும். மேலேயிருந்து பார்த்தால் ஊர் இப்படித்தான் தெரியும் என்று புரிந்த பிறகு சுவர்ப் படத்துக்கு வரலாம்.

நாடு என்று தொடங்கும்போது அவளுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். ஆறு கடலில் சேரும் மண்ணில் வளர்கிற பிள்ளை. வியட்நாமில் மீகாங், எகிப்தில் நைல், வங்கதேசத்தில் கங்கையும் பிரம்மபுத்திராவும் இதே மாதிரிதான் கிளை கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போகின்றன. மூன்று இடத்திலும் வண்டல், வாய்க்கால், நெல். ஒரு தாம்பாளத்தைச் சாய்த்து வைத்து ஈர மணலைப் பரப்பி, மேட்டிலிருந்து மெல்லத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். ஆறு பிரிவதை அவளே பார்ப்பாள்.

மாதம் ஒரு நாடு போதும். வங்கதேச மாதத்தில் பாபா பிட்டா செய்யலாம். ஈர அரிசி மாவில் வெல்லமும் தேங்காய்த் துருவலும் வைத்து ஆவியில் வேகவைக்கும் குளிர்காலப் பலகாரம். அங்கே பேரீச்ச வெல்லம் போடுவார்கள், நமக்கு உருண்டை வெல்லம் போதும். புட்டு மாவுப் பதம் தெரிந்தவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

மன்னார்குடி: கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், ஐந்து வயது மகன் "போனுக்குள்ள" என்கிறான்.

அப்படியென்றால் அவனுடைய முதல் நாடு சிங்கப்பூர்தான். வேறெதுவும் வேண்டாம். இரண்டு காகிதத் தட்டில் இரண்டு கடிகாரம் செய்யுங்கள், முள்ளுக்கு அட்டைத் துண்டு. ஒன்று நம்ம வீடு, இன்னொன்று அப்பா வீடு. அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இவன் காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிடும்போது அங்கே ஒன்பதரை. தினமும் ஒரு தடவை இரண்டையும் திருப்பி வைக்கட்டும். ராத்திரி எட்டரைக்குப் பேச வேண்டுமென்று அடம்பிடித்தால், "அப்பாவுக்கு மணி என்ன, பாரு" என்று கேட்கலாம்.

அடுத்த முறை வரும்போது சில்லறைக் காசு கொண்டுவரச் சொல்லுங்கள். சிங்கப்பூர் நாணயத்தில் நாட்டின் பெயர் தமிழிலும் இருக்கும். எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு அது பெரிய புதையல். சாப்பிட காயா டோஸ்ட். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை மூன்றையும் சிறு தீயில் விடாமல் கிண்டினால் காயா. ரொட்டியை வாட்டி வெண்ணெயோடு தடவ வேண்டியதுதான். அன்று காலை அப்பாவும் அங்கே அதையே சாப்பிட்டால் இன்னும் நல்லது.

திருவையாறு: எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. வெளிநாட்டுச் சாப்பாடு என்றாலே கறியும் மீனும்தானே?

எகிப்துக்காரர்கள் தெருவில் வாங்கிச் சாப்பிடும் கொஷாரி முழுச் சைவம். சோறு, தோலோடு வெந்த மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே பூண்டும் வினிகரும் சேர்த்த தக்காளிச் சாறு, அதற்கும் மேலே மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் வைத்து, பிள்ளையே அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளட்டும். எத்தியோப்பியாவிலும் விரத நாள்கள் நிறைய, அன்றைக்குப் பால்கூடக் கிடையாது. அந்தச் சமையலைக் கீழே சொல்கிறேன்.

தஞ்சாவூர்: பள்ளியில் "ஆப்பிரிக்கா நாள்". முகத்தில் கரி பூசி, இலைப் பாவாடை கட்டி அனுப்பச் சொல்கிறார்கள். எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

எனக்கும் பிடிக்கவில்லை. அனுப்பாதீர்கள். ஆப்பிரிக்கா ஒரு நாடே இல்லை, 54 நாடுகள் இருக்கும் கண்டம். நம்மைப் பார்த்து இந்தியர் எல்லோரும் பாம்பாட்டிகள் என்றால் எப்படி எரியும்? ஆசிரியையிடம் பக்குவமாகப் பேசிவிட்டு, பதிலாக எத்தியோப்பியா என்று ஒரே நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் டிகிரி காபிக்குப் போடும் அரேபிகா செடியின் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். அங்கே விருந்தாளி வந்தால் அவர் கண்முன்னே பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி, சின்னக் கோப்பையில் மூன்று சுற்று கொடுப்பார்கள். பிள்ளைக்குக் காபி வேண்டாம், வறுக்கும் வாசனை போதும். களிமண்ணில் நீளக் கழுத்துக் கூஜா ஒன்று செய்யட்டும்.

சாப்பாட்டுக்கு இஞ்சேரா. டெஃப் என்ற பொடித் தானியத்தை அரைத்துச் சில நாள் புளிக்கவிட்டு, பெரிய கல்லில் ஒரு பக்கம் மட்டும் சுடுவது. மேலே முழுக்கக் கண் கண்ணாக இருக்கும். நமக்கு டெஃப் சுலபமாகக் கிடைக்காது. கேழ்வரகு மாவும் பச்சரிசி மாவும் கரைத்து நன்றாகப் புளிக்கவைத்து, திருப்பிப் போடாமல் சுட்டால் ஓரளவு கிட்ட வரும். இது இஞ்சேரா இல்லை, நம்ம வீட்டு மாற்று என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். தொட்டுக்கொள்ள ஷீரோ: கடலை மாவை வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூளோடு கெட்டிக் குழம்பாகக் கொதிக்கவிடுவது. ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். வீட்டில் அதற்குத்தான் அதிகக் கிராக்கி இருக்கும்.

பொறையாறு: கைவேலைச் சாமான் விலை கட்டுப்படியாகவில்லை, டீச்சர்.

கொல்லையில் தென்னை இருக்கிறதா தம்பி? குருத்தோலை போதும். இந்தோனேசியா, மலேசியாவில் பெருநாளுக்குக் கெத்துப்பாட் செய்வார்கள். குருத்தோலையில் சதுரக் கூடு முடைந்து, பாதிக்கும் குறைவாக அரிசி போட்டு, தண்ணீரில் நாலைந்து மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். அரிசி உப்பிக் கூட்டை நிறைத்துக் கெட்டியாகிவிடும், ஆறியபின் துண்டு போடலாம். திருவிழாத் தோரணம் முடைகிற பெரியவர் யாராவது தெருவில் இருப்பார், படத்தைக் காட்டினால் பிடித்துக்கொள்வார். சின்னவர்கள் இரண்டு நிறத் தாள் பட்டையைப் பாய் மாதிரிப் பின்னினால் போதும்.

அந்தப் பின்னல் கை வந்ததும் டென்மார்க் போகலாம். பக்கத்தில் தரங்கம்பாடிக் கோட்டையை வைத்துக்கொண்டு டென்மார்க்கை விடலாமா? 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்தார்கள், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட அவர்கள் சிவப்பும் வெள்ளையுமாகத் தாள் இதயம் பின்னுவார்கள். ஒரு முனை வளைந்த இரண்டு மடிப்புத் தாளைக் கீறி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தால் சின்னப் பையாகத் திறக்கும். செய்துகொண்டு ஒரு சாயங்காலம் கோட்டைக்குப் போய்வாருங்கள். செலவு பஸ் டிக்கெட்டும் சுண்டலும்.

திருத்துறைப்பூண்டி: எதைச் செய்து கொடுத்தாலும் "ஐயே, அந்த ஊர்ச் சாப்பாடு" என்கிறான். ஆறு வயது.

சமைப்பதை நிறுத்திவிட்டு உங்கள் காய்கறிக் கூடையைத் தரையில் கொட்டுங்கள். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, நிலக்கடலை, பப்பாளி, கொய்யா. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் தாண்டி வந்தவை. அதற்கு முன் நம் குழம்புக்குக் காரம் மிளகுதான். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் அதனதன் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு பெருவுக்குப் போகும். "ஐயே" சொன்ன வாய், தினமும் சாப்பிடுவதே அந்த ஊர்ச் சாப்பாடுதான் என்று அவனே கண்டுபிடிக்கட்டும். கட்டாயப்படுத்தி ஊட்ட வேண்டாம். முகர்ந்து பார்த்தாலே அன்றைக்குப் போதும்.

மயிலாடுதுறை: கொலுவில் ஏதாவது செய்யலாமா?

தாராளமாக. ஜப்பானில் மார்ச் 3 பெண் குழந்தைகளுக்கான ஹினா மாட்சுரி. சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை அடுக்குவார்கள், உச்சியில் அரசனும் அரசியும். முழு வரிசை என்றால் ஏழு படி. நம் மரப்பாச்சித் தம்பதிக்குப் பக்கத்தில், வண்ணத்தாளில் மடித்த இந்த ஜோடியையும் வையுங்கள். கூடவே ஜப்பானின் தருமா பொம்மை. தள்ளினால் நம் தஞ்சாவூர் பொம்மை மாதிரியே நிமிரும். கழுவிய முட்டை ஓட்டின் அடியில் களிமண் வைத்து வீட்டிலேயே செய்யலாம்.

திருவாரூர்: மூன்று வயதுத் தம்பியும் அக்காவோடு உட்காருகிறான். பயமாக இருக்கிறது.

உட்காரட்டும். முழு நிலக்கடலை, பட்டாணி, பாசிமணி அவன் கைக்கு எட்டக்கூடாது, தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். கத்தியும் அடுப்பும் உங்களிடம். மாவு பிசையும் வேலையை அவனிடம் விட்டுவிடுங்கள்.