ஒரு அம்புக்குறிக்கு ஒரே அர்த்தம்: சிஸ்எம்எல் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மென்பொருளின் அமைப்பைப் படமாக வரைய யூஎம்எல் என்ற மொழி ஏற்கெனவே இருக்கிறது. பல துறைப் பாகங்கள் சேர்ந்த முழு அமைப்பையும் வடிவமைக்கும் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்குக்கென்று சிஸ்எம்எல் என்று தனியாக ஒரு மொழி எதற்கு?

பதில்: கட்டம் போட்டு அம்பு இழுக்க மட்டும் என்றால் யூஎம்எல்கூட வேண்டாம், கரும்பலகை போதும். சிக்கல் அர்த்தத்தில் இருக்கிறது. ஒரு படத்தில் இருக்கும் அதே அம்பு மெக்கானிக்கல்காரருக்குத் தண்ணீர் போகும் குழாய், எலெக்ட்ரிக்கல்காரருக்கு வயர், மென்பொருள்காரருக்கு 'இது அதைக் கூப்பிடுகிறது'. மூவரும் சரியென்று தலையாட்டிவிட்டுப் போய் மூன்று விதமாகச் செய்து கொண்டுவருவார்கள். அந்த அம்புக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அர்த்தத்தைக் கொடுப்பதுதான் தரப்படுத்திய மொழியின் வேலை.

யூஎம்எல் மென்பொருளை மனதில் வைத்துப் பிறந்தது. தேவைகளை எழுதி வைக்கவும், 'அழுத்தம் இவ்வளவு பாஸ்கல்' என்று அலகோடு சொல்லவும், சமன்பாட்டால் இரண்டு பாகங்களைக் கட்டவும் அதில் தோதான இடம் இல்லை. அதனால் 2001 ஜனவரியில் இன்கோஸ் என்ற சிஸ்டம்ஸ் இன்ஜினியர்களின் பன்னாட்டு அமைப்பின் குழு ஒன்று, யூஎம்எல்லைத் தங்கள் துறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடிவு செய்தது. யூஎம்எல்லைப் பராமரிக்கும் ஓஎம்ஜி அமைப்பும் அதே ஆண்டு ஜூலையில் கைகோத்தது. கடைசியில் வந்த சிஸ்எம்எல்லில் 9 வகைப் படங்கள். நான்கு யூஎம்எல்லிலிருந்து அப்படியே வந்தவை, மூன்று திருத்தப்பட்டவை. தேவைகளைக் குறிக்கும் தேவைப் படமும், அளவுகளைச் சமன்பாட்டால் கட்டும் பாராமெட்ரிக் படமும் முழுக்கப் புதியவை. அந்த இரண்டுக்காகத்தான் இத்தனை பாடும்.

கேள்வி: 2001-இல் தொடங்கியது 2007-இல்தான் வெளிவந்ததாமே? ஒரு மொழிக்கு ஆறு ஆண்டுகளா?

பதில்: ஓஎம்ஜியின் நடைமுறை அப்படி. முதலில் 'எங்களுக்கு இன்னின்னது வேண்டும்' என்று முன்மொழிவு கோரும் ஆவணம் வெளியாகும். இதற்கு அது 2003 மார்ச்சில் வந்தது. பிறகு, மாடல் வரையும் மென்பொருள் கருவிகளை விற்பவர்களும் பயன்படுத்துபவர்களும் அணியாகச் சேர்ந்து வரைவு கொடுப்பார்கள். வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட பிறகும், செய்து பார்ப்பவர்கள் சுட்டும் குறைகளைத் தீர்த்த பின்புதான் 1.0 என்று எண் விழும். நடுவில் 2005-இல் வரைவு எழுதிய அணியே இரண்டாகப் பிரிந்தது. 2006-இல் இரண்டு வரைவுகளையும் ஒன்றாக்கியதும் ஏற்பு கிடைத்தது. 1.0 வெளியானது 2007 செப்டம்பரில். அந்த இணைப்புக்காகக் காத்திருந்தது சரியான முடிவு. போட்டித் தரங்கள் இரண்டு இருந்திருந்தால் தரமே இல்லாததற்குச் சமம். பின்னர் 1.4 பதிப்பு 2017-இல் ஐஎஸ்ஓ 19514 என்ற பன்னாட்டுத் தரமும் ஆனது.

கேள்வி: போர்வெல் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் செய்கிறோம். நான்கு பேர் கொண்ட குழு. மாடலை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தேவைகளிலிருந்து. 'தொட்டி நிரம்பியதும் மோட்டார் நிற்க வேண்டும்' என்று எழுதினால் யாராலும் சோதிக்க முடியாது. 'மேல்மட்ட சென்சாரைத் தண்ணீர் தொட்ட 2 விநாடிக்குள் மோட்டார் நிற்க வேண்டும்' என்று எழுதி, அதற்கு ஓர் எண் கொடுங்கள். அடுத்து எல்லைக்கோடு: போர்வெல், தொட்டி, இபி லைன், வீட்டுக்காரர் எல்லாம் கன்ட்ரோலருக்கு வெளியே. ஒவ்வொன்றும் அதோடு சேரும் இடத்தில் ஒரு போர்ட். அதன் வழியே போவது மின்சாரமா, சிக்னலா என்று வகை குறிக்காமல் விடாதீர்கள்.

பிறகு, கன்ட்ரோலர் எந்தெந்த நிலையில் இருக்கும், எப்போது மாறும் என்று காட்டும் நிலைப் படம். நின்றிருக்கிறது, ஓடுகிறது, தண்ணீரின்றி ஓடி ட்ரிப் ஆகிவிட்டது என மூன்று நிலைகளை எல்லோரும் போட்டுவிடுவார்கள். கரண்ட் போய் வந்தால் எந்த நிலையில் விழிக்கும்? பெரும்பாலான படங்களில் இதற்கு அம்பே இருக்காது. ட்ரிப் ஆனதை மறந்து 'ஓடுகிறது' நிலைக்குத் தாவினால், வறண்ட போர்வெல்லில் மோட்டார் காய்ந்து அதன் கம்பிச்சுருள் கருகும்.

மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்பதைப் பாராமெட்ரிக் படத்தில் கட்டுங்கள். விநாடிக்கு 1 லிட்டர் தண்ணீரை 50 மீட்டர் உயர்த்த 1000 × 9.81 × 0.001 × 50 (அடர்த்தி × புவியீர்ப்பு × விநாடிக்குக் கன மீட்டர் × உயரம்), அதாவது சுமார் 490 வாட் வேண்டும். பம்பும் மோட்டாரும் சேர்ந்த செயல்திறன் (எஃபிஷியன்சி) 40 சதவீதம் என்று வைத்தால் 1226 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் 1.6 வருகிறது, 1.5 போதாது, 2 எடுக்க வேண்டும். நம் ஊரில் போர்வெல் ஆழத்தை யாரும் மீட்டரில் சொல்வதில்லை. அதே 50 மீட்டரை '164 அடி' என்பார்கள். அந்த 164 அலகில்லாமல் மீட்டர் கட்டத்தில் விழுந்தால் விடை 5 குதிரைத்திறனைத் தாண்டிவிடும். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23-இல் தொலைந்ததும் இந்த வகைப் பிழையால்தான்: ஒரு மென்பொருள் பவுண்டு-விசை விநாடியில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன் விநாடியாக எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். அதனால் மாடலில் எந்த அளவையும் வெறும் எண்ணாக விடாதீர்கள். அலகு அதன் கூடவே பயணிக்கட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு தேவைக்கும் இரண்டு இணைப்புகள்: எந்தப் பாகம் அதை நிறைவேற்றுகிறது, எந்தச் சோதனை அதை நிரூபிக்கிறது. இரண்டாவது இல்லாத தேவைகளைக் கருவியிடம் பட்டியல் கேளுங்கள். வரும் பட்டியலின் நீளம் உங்களைத் திடுக்கிட வைக்கும். ஆணி, திருகுவரை மாடலில் ஏற்ற வேண்டாம். இரண்டே மாதத்தில் நிஜத்துக்கும் மாடலுக்கும் தொடர்பு விட்டுப்போகும்.

கேள்வி: இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறதாமே? பழையதில் என்ன குறை?

பதில்: பழையது யூஎம்எல்லின் மேல் போர்த்திய போர்வை. ஒவ்வொரு பாகமும் உள்ளுக்குள் ஒரு யூஎம்எல் பொருள், அதன் மேல் ஒட்டிய ஓர் அடையாளம். ஒரு கருவியில் வரைந்ததை வேறொன்றில் திறந்தால் பாகங்கள் வந்து சேரும், படத்தின் அமைப்பு கலைந்திருக்கும். சில நேரம் அந்த அடையாளமே உதிர்ந்திருக்கும். பயன்படுத்தியவர்கள் அதிகம் நொந்தது இதில்தான்.

இரண்டாம் பதிப்புக்கான கோரிக்கை 2017 டிசம்பரில் வெளியானது. ஓஎம்ஜியின் இறுதி ஏற்பு 2025-இல். யூஎம்எல்லை விட்டுவிட்டு, கெர்எம்எல் என்ற புதிய அடித்தளத்தின் மேல் எழுப்பியிருக்கிறார்கள். படமாக வரைவதை எழுத்தாகவும் எழுதலாம். அதனால் நேற்றைய மாடலுக்கும் இன்றையதற்கும் உள்ள வித்தியாசத்தை நிரல் போலவே, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) மென்பொருளில் வரிவரியாகப் பார்க்க முடிகிறது. வரையறை வேறு, பயன்பாடு வேறு என்ற பிரிவும் மொழி முழுக்க ஒரே சீராக வருகிறது: 'சக்கரம்' ஒரு வரையறை, காரில் அதற்கு நான்கு பயன்பாடுகள். முன்சக்கரங்களின் காற்றழுத்தத்தை மட்டும் அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம், புது வகை உருவாக்க வேண்டியதில்லை. கருவிகள் ஒன்றோடொன்று பேச ஏபிஐ என்ற இணைப்பு விதிமுறையும் தரத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

கேள்வி: பணம் கட்டாமல் பழக வழி உண்டா?

பதில்: உண்டு. முதல் பதிப்புக்குப் பாப்பிரஸ் என்ற திறமூலக் கருவி. இரண்டாம் பதிப்புக்கு, அதை உருவாக்கிய அணியே வெளியிட்ட திறமூல முன்னோட்டச் செயலி இருக்கிறது. எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் மென்பொருளிலும், எழுதியதை அங்கேயே ஓட்டிப் பார்க்க உதவும் ஜூபிடர் (Jupyter) நோட்புக்கிலும் ஓடும். ஜூபிடரில் தொடங்குங்கள். பத்து வரி எழுதி ஓட்டினால், எந்தப் பெயரை வரையறுக்காமல் விட்டீர்கள் என்று உடனே காட்டும்.