ஆஸ்பத்திரி மென்பொருள்: கேளுங்கோ, சொல்றன்

மருத்துவ மென்பொருளோடயே தலை நரைச்சவன் நான். திருகோணமலையில இருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில்கள்.

கோணேசபுரி வளாக மாணவன்: அண்ணா, இந்தத் துறைக்கு எந்தக் கணினி மொழி படிக்கிறது?

எதையும் படியுங்கோ தம்பி. 1960களில் பொஸ்டனில ஒரு ஆஸ்பத்திரியில பிறந்த மம்ப்ஸ் மொழியில இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரிகள் ஓடுது. அதைவிட, ஒரு கிளினிக் நாள் விடிய பதிவு மேசைக்குப் பக்கத்தில போய் நில்லுங்கோ. திரையில பத்துப் பெட்டி வைச்சா, வரிசை வாசல் தாண்டி நிற்கேக்க எத்தனை பெட்டி உண்மையா நிரம்பும் எண்டு விளங்கும்.

கிண்ணியா தாதி: ஒரே உம்மாவுக்கு மூன்று பதிவு கிடக்குது. கம்பியூட்டருக்கு ஏன் தெரியேல்லை?

முழுத் துறைக்கும் இதுதான் தலையிடி. பெயரை நம்பேலாது. உங்கட கிளினிக்கில எத்தனை பாத்திமா? ஆங்கிலத்தில எழுதினா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டல். முதலெழுத்து சிலருக்கு வாப்பாட பெயர், சிலருக்குக் கணவன்ட பெயர்.

அடையாள அட்டை இலக்கம் உதவும், ஆனா அதிலயும் பொறி இருக்கு. 2016க்கு முந்தின அட்டையில 9 இலக்கமும் ஒரு எழுத்தும்; புதுசில 12 இலக்கம். பழசின் முன்னால 19 போட்டு, பழசின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை வெட்டினா புதுசு வரும். இதை மென்பொருள் செய்யாட்டி அந்த உம்மா ரெண்டு ஆள்தான்.

இன்னொண்டு. அட்டை இலக்கத்தில ஆண்டுக்குப் பிறகு வாறது, பிறந்த நாள் அந்த வருசத்தில எத்தனையாவது நாள் எண்ட எண். பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். எல்லா வருசத்திலயும் பெப்ரவரிக்கு 29 நாள் எண்டே கணக்கு. அதால 1967 மார்ச் 1இல பிறந்த பெண்ணின்ட அட்டை 67561 எண்டு தொடங்கும். சாதாரண நாட்காட்டியால கணக்குப் பார்த்த நிரல் அவவை மார்ச் 2 எண்டு பதியும். பிள்ளைகளுக்கு அட்டையே இல்லை. ஆளுக்கொரு சுகாதார இலக்கம் வேணும் எண்டு நாங்கள் நிற்கிறது அதனாலதான்.

மூதூரில லாப் நடத்துறவர்: புது இயந்திரம் வாங்கிறன். ஆஸ்பத்திரி கம்பியூட்டரோட பேசுமா?

"பேசும்" எண்டு வாயால சொன்னா நம்பாதேங்கோ. எச்எல்7 அல்லது ஏஎஸ்டிஎம் (இயந்திரமும் கம்பியூட்டரும் தரவு பரிமாறுற பொது முறைகள்) முறையில முடிவு அனுப்புமா, அந்த வசதிக்குத் தனிக் காசா எண்டு எழுத்தில வாங்குங்கோ.

உவர்மலை அக்கா: மகள் டொக்டர். இந்த மென்பொருள் வேலைக்குள்ள போறது வீண்தானே?

வீணில்லை அக்கா. கொழும்பில பட்டப்பின் மருத்துவ நிறுவனம் டொக்டர்மாருக்கு இதுக்கெண்டே முதுமாணிப் படிப்பு நடத்துது. 2020 தொடக்கத்தில டிஎச்ஐஎஸ்2 எண்ட, ஆரும் இலவசமா எடுக்கக்கூடிய சுகாதாரத் தரவு மென்பொருளில கொரோனாக் கண்காணிப்பை முதல்ல கட்டினது இலங்கைக் குழுதான். பிறகு பல நாடுகள் அதை எடுத்தது. வார்டும் தெரிஞ்சு தரவும் தெரிஞ்ச ஆள் கிடைக்கிறது அருமை.

சாம்பல்தீவிலிருந்து: வார்டில எல்லாரும் ஒரே பாஸ்வேர்ட். சரியா?

பிழை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில நோய் விவரம் தனிக் கவனம் எடுக்க வேண்டிய தரவு. ஆனா உள்ள போக ஒரு நிமிசம் எடுக்கிற மென்பொருளைக் குடுத்துட்டு மிஸ்ஸிமாரை ஏசிப் பலனில்லை. அட்டையைத் தொட்டா திறக்கிற மாதிரிக் கேளுங்கோ.