கிளப் அட்டை இல்லாமல் கோல்ஃப் ஆடுவது எப்படி? கேளுங்கள், சொல்கிறேன்

நான் சிங்கப்பூரில் 15 வருடமாக ஆடுகிறேன், எந்த கிளப்பிலும் உறுப்பினர் இல்லை. சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதில்தான் ஆட்டம். அந்தக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

அண்ணா, மரினா பே திடல் போன பிறகு எங்கே ஆடுவது?

2024 ஜூன் 30-ஓடு அது மூடியது இன்னும் மனசு ஆறவில்லை தம்பி. அங்கே யார் வேண்டுமானாலும் பணம் கட்டி 18 குழி ஆட முடிந்தது, பார் 6 குழி, அதாவது ஆறு அடியில் முடிக்க வேண்டிய நீளக் குழி, ஒன்றுகூட இருந்தது. இப்போதைக்கு யீஷூன் பக்கம் ஆர்க்கிட் கன்ட்ரி கிளப்பைக் கேட்டுப் பாருங்கள். மொத்தம் 27 குழி, வெளியாட்களுக்கும் இடம் தருகிறார்கள். சனி ஞாயிறு காலையை மறந்துவிட்டு வேலை நாள் மதியத்துக்குக் கேளுங்கள். விலையை விசாரிக்கும்போது பகி (திடலில் ஓட்டும் சின்ன வண்டி), காப்புறுதி, வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள், திடல் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் கவுண்டரில்தான் முழுத் தொகை தெரியும்.

புதிதாகப் பழகுகிறேன். நேராகத் திடலுக்குப் போகலாமா?

முதலில் பிசி எடுங்கள், அதாவது தேர்ச்சிச் சான்றிதழ். விதிமுறைத் தேர்வும் திடலில் ஆடிக் காட்டுவதும் உண்டு. இதுவோ ஹேண்டிகேப்போ (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்) இல்லாமல் இங்கே பெரும்பாலும் விடமாட்டார்கள். அதுவரை ரேஞ்சில், அதாவது பந்தடித்துப் பழகும் இடத்தில், ஒரு கூடைப் பந்து வாங்கி அடியுங்கள், அதிலும் பாதியைச் சின்ன அடிக்கே ஒதுக்குங்கள். அடிகள் வீணாகக் கூடுவதெல்லாம் குழியில் நிற்கும் கொடிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான்.

மலேசியப் பக்கம் ஜோகூர் மலிவு என்கிறார்களே?

மலிவுதான், எல்லைப் பாலத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால். ஒன்று கவனியுங்கள்: 2025 ஜனவரி 1 முதல் ஜோகூரில் வார விடுமுறை சனி ஞாயிறாக மாறிவிட்டது. முன்பு வெள்ளி சனி, அதனால் ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள். அந்தப் பழைய நினைப்பில் ஞாயிற்றுக்கிழமைக்குக் கணக்குப் போடாதீர்கள். நான்கு பேர் ஒரே காரில் விடிவதற்கு முன் கிளம்பினால்தான் கட்டுப்படியாகும். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், காருக்கு விஇபி, அதாவது மலேசியாவுக்குள் வண்டி நுழைய அனுமதி, வேண்டும்.

மழை வந்தால் பணம் போச்சா?

திடலுக்குத் திடல் மாறும். பணம் கட்டும்போதே ரெய்ன் செக் (மழையில் ஆட்டம் நின்றால் ஈடாகத் தருவது) உண்டா, எத்தனை குழி வரை என்று கேட்டுவிடுங்கள். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடி அதிகம், அந்த மாதங்களில் காலை நேரமே நல்லது. போன வருஷம் ஆறாவது குழியில் பட்டரை, அதாவது பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டையை, கையில் பிடித்து நிற்கிறேன், மின்னல் எச்சரிக்கை சைரன் ஊதியது. இரண்டடி தூரம்தான், போட்டுவிடலாம் என்று கை துறுதுறுத்தது. பந்து இருந்த இடத்தில் குறியை வைத்துவிட்டு நாலு பேரும் கூடாரத்துக்கு நடந்தோம். சைரன் கேட்டால் நீங்களும் அதையே செய்யுங்கள், மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள்.

வேலை முடிந்து 5 மணிக்கு ஆரம்பித்தால் 9 குழி முடியுமா அண்ணா?

முடியும்மா, ஆனால் இழுத்துப் பிடிக்க வேண்டும். வருடம் முழுக்க இங்கே 7 மணி சுமாருக்குப் பொழுது சாய்ந்துவிடும். யார் தயாரோ அவர் அடிக்கட்டும், முறை பார்த்துக் காத்திருக்க வேண்டாம். தொலைந்த பந்தைத் தேட விதிப்படி 3 நிமிடம்தான், அதைத் தாண்டித் தேடாதீர்கள். மூன்று பேராகப் போனால் வெளிச்சம் இருக்கும்போதே ஒன்பதாவது கொடியைப் பார்த்துவிடலாம்.