மரம் எண்ணப் போகிறேன் என்கிறாள்

"சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாங்கிறா. காட்டுக்குப் போய் மரம் எண்ணப் போறாளாம். நீங்களாவது புத்தி சொல்லுங்க."

அந்த அம்மா ராமமூர்த்தி நகரிலிருந்து வந்திருந்தார். கணவருக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். மகள் இரண்டாம் பியூசியில், அதாவது நம் பிளஸ் டூவில், பிசிஎம்பி (இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்) படிக்கிறாள். அம்மா பேசப் பேச அவள் என் அறைச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் மலைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். கடந்த சில ஆண்டுகளாக இதே கவலையோடு பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோர் பலர் வருகிறார்கள். அன்று அவர்களிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரம் எண்ணுவதைப் பற்றி. அம்மா கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அது உண்மையிலேயே ஒரு வேலை. முதுமலைக் காட்டுக்குள் 50 ஹெக்டேர் நிலம் ஒன்றை 1988-இல் பெங்களூர் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) ஆய்வாளர்கள் அளந்து குறித்தார்கள். (ஆட்டோக்காரரிடம் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்று சொல்கிறோமே, அதே இடம்தான்.) அந்த நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேலுள்ள மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. ஆண்டுதோறும் ஆட்கள் போய், எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று குறிக்கிறார்கள். யானைகள் விரும்பி ஒடித்துத் தின்னும் ஒருவகை மரம் சில ஆண்டுகளிலேயே அங்கே மளமளவென்று குறைந்தது இப்படி எண்ணியதால்தான் தெரிய வந்தது. தீ எவ்வளவு கொல்கிறது, வறட்சி எவ்வளவு கொல்கிறது என்பதையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. வெளிநாட்டுக் காடுகளைப் பற்றி எழுதிய பாடநூல் இதையெல்லாம் சொல்லாது. நம் காட்டை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த ஆய்வைத் தொடங்கியவர்களில் ஒருவர் சென்னைக்காரரான ராமன் சுகுமார். 1980-களின் தொடக்கத்தில் யானைகளின் பின்னால் போனவர். யானையைப் படிக்கப் போனவர், யானை மேய்ந்துவிட்டுப் போன கேழ்வரகு வயலையும் அந்த வயலின் சொந்தக்காரரையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது. பயிரை அதிகம் சேதப்படுத்துவது வளர்ந்த ஆண் யானைகள்தான் என்பது அப்படித்தான் தெரிந்தது. நான் அந்தப் பெண்ணிடம் கேட்டது இதைத்தான்: "உனக்குப் பிடித்தது மரமா, காட்டில் இருக்கிற ஆட்களா?" அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டையும் எப்படி சார் பிரிக்கிறது?" என்றாள். சரி, இவளோடு பேசலாம் என்று அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அரசாங்கம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. கல்லையும் மண்ணையும் ஆராய 1851-இல் ஒரு துறை, செடிகொடிகளுக்கு 1890-இல் ஒன்று, விலங்குகளுக்கு 1916-இல் ஒன்று, மனிதர்களுக்கு 1945-இல் ஒன்று. நிலவியல், தாவரவியல், விலங்கியல், மானிடவியல் என்ற அந்த நான்கு அளவாய்வுத் துறைகளுக்கும் தலைமையகம் கொல்கத்தாதான். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒரே நாட்டை நான்கு கோப்புகளில் எழுதினார்கள். நம் கல்லூரிகளும் அதே கோடுகளில்தான் பாடம் பிரித்தன. பிளஸ் டூவில் 'சயின்ஸ் குரூப், ஆர்ட்ஸ் குரூப்' என்று நாம் போடும் சண்டையின் வேர் அங்கே இருக்கிறது.

இந்தக் கோடு எங்கே உதைக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொன்னேன். சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழும் சோலிகர் என்ற பழங்குடிகள் முன்பு கோடைத் தொடக்கத்தில் காய்ந்த சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்பார்கள். நம் சருகுதான் அங்கே தரகு. சரணாலயம் வந்தது, தீ வைப்பது குற்றமாயிற்று. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியதும், உண்ணிச்செடி (லாண்டானா என்ற களை) காடெங்கும் புதராக மண்டியதும் தீ நின்றதால்தான் என்பது சோலிகர் வாதம். வெறும் பேச்சு என்று விட்டுவிடாமல், பெங்களூரில் இருக்கும் 'ஏட்ரீ' என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த மலையைக் கட்டம் கட்டமாக அளந்தார்கள். 1997-க்கும் 2008-க்கும் இடையில் உண்ணிச்செடி வெகுவாகப் பரவியிருந்தது. 2011-இல் அங்கே சோலிகர்களுக்குச் சமூக வன உரிமை, அதாவது காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தவும் காக்கவும் உரிமை, கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் வாழும் மக்களுக்கு அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை.

இந்த ஒரு ஆய்வுக்கு எத்தனை படிப்பு தேவைப்பட்டிருக்கும் என்று பாருங்கள். தாவரவியல், புள்ளியியல், சட்டம், வரலாறு, அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமை. கடைசியில் சொன்னதற்கு எந்தக் கல்லூரியிலும் தாள் கிடையாது.

"அதெல்லாம் சரி சார், சோறு?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன். இந்தப் பாதை நீளமானது. பட்டப்படிப்பும் முதுகலையும் ஐந்து ஆண்டு, முனைவர் பட்டம் இன்னும் ஐந்தோ ஆறோ ஆண்டு. உங்கள் மகள் 'டாக்டர்' என்று பெயர் போடும்போது வயது 28, 29 ஆகியிருக்கும். அதற்குள் அவள் வகுப்புத் தோழி எலக்ட்ரானிக் சிட்டியில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருப்பாள். அதைப் பார்த்து வீட்டில் யாரும் பெருமூச்சு விடக்கூடாது. விடுவீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை, அவர்கள்தான் பணம் தருவார்கள் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் கணக்கு. இந்த நகரத்தில் இது ராஜ வாழ்க்கை இல்லை, பட்டினியும் இல்லை. சமூகவியல் பக்கம் போனால் ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழு) தரும் உதவித்தொகை இதைவிடக் குறைவு. ஆகவே சமூகத்தைப் படிக்க விரும்பினாலும் ஜேஆர்எஃப் எழுதத்தான் சொல்வேன்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். நிரந்தர வேலைகள் குறைவு. நடுவில் ஒப்பந்த வேலைகள் வரும். திட்டத்துக்குப் பணம் இருக்கும்வரை சம்பளம், பிறகு அடுத்த திட்டம். கையிருப்பு இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் இதில்தான் மூச்சுத் திணறுகிறார்கள். ஆர்வம் இருந்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இதே படிப்பை வைத்துக்கொண்டு ஆய்வுக்கு வெளியே போகிற வழிகளும் உண்டு. யூபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வை அறிவியல் பட்டதாரிகள் எழுதலாம். அணையோ சுரங்கமோ வருவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2006-இல் வந்த அறிவிக்கை சொல்கிறது. அதைச் செய்யும் ஆலோசனை நிறுவனங்களில் வேலை இருக்கிறது. (போன மாவட்டத்து அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்.) பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியதிலிருந்து, மண்ணும் நீரும் தெரிந்த ஆட்களை அலுவலகங்களும் தேடுகின்றன.

இனி எங்கே படிப்பது. நீங்கள் பெங்களூரில் இருப்பதே பாதி அதிர்ஷ்டம். ஐஐஎஸ்சியின் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பில் உயிரியலும் எடுக்கலாம், புவி–சுற்றுச்சூழல் அறிவியலும் எடுக்கலாம். அது கிடைக்காவிட்டால் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்லூரிகள். திருப்பதியும் திருவனந்தபுரமும் ராத்திரி ரயில் தூரம். சர்ஜாபூர் பக்கம் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் ஏரிகளைப் பற்றி ஆழமாக எழுதிய ஹரிணி நாகேந்திரா அங்கே பேராசிரியர். முதுகலைக்கு ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் என்சிபிஎஸ் (தேசிய உயிரி அறிவியல் மையம்) நடத்தும் வனவிலங்கு உயிரியல் படிப்பு. இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள், அதுவும் ஒரு கைப்பிடிப் பேரை. சமூகமும் பொருளாதாரமும் என்றால் நாகரபாவியில் பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் 1972-இல் தொடங்கிய ஐசெக் (சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம்). ஊர்ப்பக்கம் போக நேர்ந்தால் மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் பல காலமாக நடக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் தென்னிந்தியக் காட்டையும் கோயிலையும் ஊரையும் ஒரே கட்டடத்துக்குள் வைத்து ஆராய்கிறது. அதன் நூலகத்தை ஒருமுறையாவது அவளுக்குக் காட்டுங்கள். நுழைவுத் தேர்வு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்; பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம்.

ஒரு விஷயத்தை எந்தப் பெற்றோரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு எத்தனை மொழி வரும்? வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கீழ்வீட்டில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். நாம் இதைச் சாமர்த்தியமாகவே நினைப்பதில்லை, 'பெங்களூர்ப் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை மூன்றும் சேர்ந்த காட்டில் யானைக்கு மாநில எல்லை கிடையாது. அங்கே ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் கன்னடத்திலும் துபாஷி இல்லாமல் பேசத் தெரிந்த ஆய்வாளருக்கு எவ்வளவு மதிப்பு என்று கள ஆய்வு செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர் அந்த இடத்துக்கு வந்து சேரவே ஓரிரண்டு ஆண்டு மொழி படிக்க வேண்டும். கன்னடம் எழுதப் படிக்கவும் அவளைப் பழக்குங்கள். கர்நாடகப் பக்கத்து நில ஆவணமும் பஞ்சாயத்துத் தீர்மானமும் அதில்தான் இருக்கும்.

சொந்த ஊர் என்பதும் ஒரு முதல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதிவரச் சொன்னார். அப்படி எழுதப்பட்ட விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள், 2008-லும் போனார்கள். ஒரே ஊரின் தொண்ணூறு ஆண்டுக் கதை கையில் கிடைத்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியது அது.

நோட்டுப் புத்தகம் என்றதும் இன்னொன்று. மைசூர்க்காரரான சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் 1948-இல் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். அதை வைத்துப் பல ஆண்டுகளாகத் தொகுத்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970-இல் அமெரிக்காவில் அவர் இருந்த அலுவலகத்துக்கு யாரோ வைத்த தீயில் எரிந்தன. பிறகு நினைவிலிருந்தே புத்தகம் எழுதினார். மூன்று பிரதியையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது என்று நான் சொன்னபோதுதான் அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி. எதிரி மாதிரி அதைப் பார்க்க வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். இன்று காட்டு ஆய்வில் பாதி, திரையின் முன்னால்தான் நடக்கிறது. செயற்கைக்கோள் படம், தானியங்கிக் கேமராவில் விழுந்த ஆயிரக்கணக்கான புகைப்படங்கள், பறவை ஒலிப்பதிவுகள். புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதுவதும் தெரியாமல் இந்தத் துறைக்குள் வருவது அரிவாள் இல்லாமல் கதிரறுக்கப் போவது மாதிரி. பொறியியல் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு. ஆகவே பொறியியலுக்கான சிஇடி நுழைவுத் தேர்வு எழுதட்டும், ஐசர் தேர்வும் எழுதட்டும். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கடன் வாங்கிப் பொறியியல் சேர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கடன்தான் பிற்பாடு அவளைத் திரும்ப விடாது.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை வைத்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரிக்கு எட்டு வாரம், சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். இரண்டு மணி நேரம். என்ன பறவை, எத்தனை, தண்ணீர் எவ்வளவு, யார் யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று பேனாவால் எழுத வேண்டும். ஃபோட்டோ கூடாது. மூன்றாவது வாரத்தில் பெரும்பாலோருக்குச் சலித்துவிடும். சலித்தால் தப்பில்லை, அது எட்டு வாரத்திலேயே தெரிந்தது நல்லதுதான்.

ஆறாவது வாரம் அம்மாவிடமிருந்து ஃபோன். குரலில் புகார் இருந்தது, ஆனால் பழைய புகார் இல்லை.

"சார், ஏரிக்கரையில மாட்டுக்குப் புல்லு அறுக்குற அம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டு வந்திருக்கா. அவங்க நம்ம ஊத்தங்கரைப் பக்கமாம். வேலி போட்டதுக்கப்புறம் புல்லுக்கு எங்க போறாங்கன்னு இவ எழுதியிருக்கா. ஆனா எத்தனை கட்டு, என்ன விலைன்னு கேக்கவே இல்ல பாருங்க. அதைக் கேக்க வேண்டாமா?"

"கேட்கத்தான் வேண்டும். அடுத்த சனிக்கிழமை நீங்களும் கூடப் போங்கள்" என்றேன். ஐசர் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.